பெயருக்குப் பின் ஒரு மூச்சு

பெயரைச் சொன்னதும் நிறுத்துவார். அவரைப் பற்றி எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் எனக்கு அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பதுளையிலும் சுற்றுப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் யாராவது இறந்துபோனால், கூரைமேல் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று ஊர்ந்து வரும். ஓட்டுவது ராசு. பின்சீட்டில் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி அவர் இருப்பார். இன்ன தோட்டத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட என்று ஆரம்பித்து, பெயரைச் சொல்லி, ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சுக்குள் எங்கள் பஜார் தெருவே அப்படியே நிற்கும். லீக்ஸ் கட்டை எடை போட்டுக்கொண்டிருந்த வெலிமடைக் காய்கறிக்காரர் தராசிலிருந்து கையை எடுக்கமாட்டார். பஸ்ஸில் ஏறப் போனவர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு காதைக் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் ‘காலமானார்’ வரும். அப்புறம் யாருடைய மனைவி, யாருடைய தாய், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் வரும்.

ஏன் அண்ணே அங்கே நிறுத்துகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“பேரு காதுல விழுந்தா, யாரு எவருன்னு மனசு தேட வேணாமா தங்கச்சி? அதுக்கு நேரம் குடுக்கணும். கடகடன்னு சொல்லிட்டுப் போக இது என்ன லொத்தர் சீட்டு வியாபாரமா?”

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்கும் அந்த இடத்தில் நின்றுவிடும், மேற்கொண்டு ஓடாது.

எங்களுடையது துணிக்கடை. என் மாமனாரின் அப்பா இந்தியாவிலிருந்து வந்து போட்ட கடை. கல்யாணச் சேலையும் இங்கேதான், சாவு வீட்டு வெள்ளைத் துணியும் இங்கேதான். தெருவுக்கு வெள்ளைக் கொடி கட்டத் துணி கிழித்து வாங்கிப் போவார்கள். கூடவே அவரும் வருவார். எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுதான் இறந்தவரின் விவரத்தை வீட்டாரிடம் கேட்டு மனதில் ஏற்றிக்கொள்வார். ஒருமுறை கேட்டால் போதும். எப்போதும் ஒரு காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டர். ப்ளேன்டீ கொடுத்தால் சீனியை டம்ளரில் போட விடமாட்டார். உள்ளங்கையில் வாங்கி, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிப்பார்.

ஊரில் அவரை யாருக்கும் பிடிக்காது என்று சொல்லமுடியாது. ஆனால் அவர் வாயைத் திறந்தால் பிடிக்காது. கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், போவார், மொய் எழுதுவார், சாப்பிடுவார். இலையில் சாம்பார் வேண்டுமானாலும் கையைத்தான் காட்டுவார். மாப்பிள்ளை வந்து காலில் விழுந்தால் தலையைத் தொட்டு ஆசீர்வாதம், அதுவும் ஊமையாக. “நா ‘நல்லா இருங்க’ன்னு சொன்னாகூட, அடுத்து ‘அன்னாரின் பூதவுடல்’ வந்துருமோன்னு அந்தப் புள்ள முழிக்குது தங்கச்சி” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தாரே தவிர அவருக்கு அது வலித்தது, எனக்குத் தெரியும்.

யாருக்காவது போன் போட்டால் அவர் ஹலோ சொல்லமாட்டார். முதலில் ஒரு இருமல். அப்புறம் “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நாந்தான்.” அதைச் சொன்ன பிறகுதான் சமாச்சாரம். சொல்லாமல் பேசினால் அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் நாற்காலியைத் தேடுவார்களாம்.

இப்படிப்பட்ட மனுஷனைக் கவிதை வாசிக்க இழுத்துக்கொண்டு வந்தது நான்தான்.

இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. சம்பளம் கிம்பளம் எதுவும் கிடையாது. யாருக்கும் உரிமை இல்லாமல் பொதுவாகிவிட்ட பழைய பாட்டுகளை ஆளாளுக்கு அவரவர் வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும் என்று போட்டு வைப்பார்கள். கண் தெரியாதவர்கள் கேட்கிறார்கள், படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள், தூக்கம் வராதவர்களும் கேட்கிறார்கள். நான் அதில் வாசிப்பவள் இல்லை. என் குரல் பாத்திரக்கடையில் பூனை புகுந்த மாதிரி இருக்கும். நான் பிழை பிடிப்பவள். அச்சில் இருப்பதும் வாயில் வருவதும் ஒன்றா என்று கேட்டுச் சொல்வது என் வேலை. பிழை பிடிக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும், எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

ஆண் குரலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவரைக் கேட்டேன். வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“பாட்டுல சாவு வருமா?”

“சிலதுல வரும். சிலதுல வராதுண்ணே.”

“சாவு வராத பாட்டு, நா படிச்சா யாரு கேப்பா?”

“உலகம் முழுக்கக் கேப்பாங்க. அவங்களுக்கு உங்களத் தெரியாதே.”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைப் பிடித்தது. தன்னைத் தெரியாதவர்கள் தன் குரலைக் கேட்பது. உள்ளங்கைச் சீனி அப்படியே இருக்க, வெறும் டீயைக் குடித்து முடித்துவிட்டார்.

கடையின் மாடிக் கிடங்கில் துணிக் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருக்கும். அங்கே பேசினால் எதிரொலி வராது, தெருச் சத்தமும் ஏறாது. அந்தக் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல், ஒரு சின்ன மைக். அவருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. “கோடித்துணி வாசத்துல உக்காந்து பாட்டுப் படிக்கிற மொத ஆளு நாந்தான்” என்றார்.

குழுவின் சட்டம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிவும் ஒரே மாதிரி ஆரம்பிக்க வேண்டும். வாசிப்பவர் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும், பிறகுதான் பாட்டு. அவர் முகம் மாறியது.

“ஊர்ப்பட்ட பேரு சொல்லியிருக்கேன். எம் பேர மைக்குல ஒரே ஒரு வாட்டிதான் சொல்லியிருக்கேன்.”

“அது எப்போ?”

“அத விடுங்க” என்றார்.

முதல் பதிவில், பழக்கதோஷம், போனில் சொல்கிற மாதிரி இருமிவிட்டு “ஒண்ணுமில்ல, நாந்தான்” என்று ஆரம்பித்தார். எனக்கு அடக்கமுடியாத சிரிப்பு. இருக்கட்டும் அண்ணே, நன்றாகத்தான் இருக்கிறது, குழுவில் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“வேணாம். மொதல்ல இருந்து எடுப்போம். மைக்குக்கு முன்னால சொந்தப் பேச்சு கூடாது தங்கச்சி. எழுதிக் குடுத்தது எதுவோ அது மட்டுந்தான். நம்ம பேச்சு, நம்ம அழுகை எல்லாம் மைக்க அமத்தினதுக்கப்புறம்.”

இந்தப் பிடிவாதத்தில் அவரை அசைக்கமுடியாது. மறுபடி எடுத்தோம். தன் பெயரைச் சொன்னார், நிறுத்தினார்.

“உங்க பேருக்கு எதுக்கண்ணே நிறுத்தம்? உங்கள யாரு தேடப் போறா?” என்று கிண்டல் செய்தேன்.

“தேடுறவங்க தேடட்டும்” என்றார்.

முதலில் வாசித்தது போர்ப் பாட்டு. அரசர்கள், படைத்தலைவர்கள், ஊர்கள் என்று வரிக்கு வரி பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் அந்த மூச்சு. நடுவில் இருக்கும் மௌனங்களை வெட்டச் சொல்லிக் குழுவிலிருந்து செய்தி வந்தது. அவரிடம் சொன்னேன். “செத்தவன் பேருக்கு மரியாத வேணாமா? வெட்டினா நா படிக்கல” என்றார். நான் குழுவோடு சண்டை போட்டேன். சண்டை எனக்குக் கைவந்த கலை, மூச்சு தப்பியது.

கடையில் ஒருநாள் என்ன நடந்தது என்றால், கீழே ஒரு குடும்பம் முகூர்த்தச் சேலை எடுத்துக்கொண்டிருந்தது. காற்று வரட்டும் என்று மாடிக் கதவை யாரோ திறந்து வைத்துவிட்டார்கள். அந்தக் குரல் படியிறங்கி வந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா விரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். “சகுனமே சரியில்ல, வாங்க போவோம்.” கூட்டம் வெளியே போய்விட்டது. எங்கள் வீட்டுக்காரர் மேலே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சாவு மைக்க கொண்டாந்து கடைக்குள்ள உக்கார வச்சிருக்கியே, உனக்குப் புத்தி இருக்கா?” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் துணிக் கட்டுகளுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் இருந்தவருக்குக் கேட்டுவிட்டது. அடுத்த நாளிலிருந்து, கடை திறப்பதற்கு முன்னால், தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடுகிற விடிகாலை நேரத்துக்கே வந்து வாசித்துவிட்டுப் போய்விடுவார்.

அதைவிட மோசம் தோட்டத்தில் நடந்தது. ராசுவுக்கு அவர் பாட்டு உலகம் முழுக்கப் போகிறது என்று ஒரே பெருமை. ஒருநாள் மடுல்சீமைப் பக்கம் ஒரு சாவு அறிவித்துவிட்டுத் திரும்புகையில், போனில் அந்தப் போர்ப் பாட்டைப் போட்டிருக்கிறார். போன் கம்பி ஸ்பீக்கரில் செருகியபடி இருந்ததை மறந்துவிட்டார். மலை முழுக்க அலறியிருக்கிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு ராஜாவின் பெயர், மூச்சு, இன்னொரு ராஜாவின் பெயர், மூச்சு.

“ஒருத்தி ஆட்டோவ மறிச்சுக் கேக்குறா தங்கச்சி, ‘இத்தன பேரா? எந்த டிவிஷனு? மண்ணு கிண்ணு சரிஞ்சிருச்சா?’ன்னு.” சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. “இன்னொருத்தி, ‘இந்தப் பேருல நம்ம லயத்து வீடுகள்ல யாருமில்லையே, மேல் கணக்குத் தோட்டத்து ஆளா இருக்கும்’ங்கிறா.”

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. புருஷனைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த ஒரு பெண், குரலைக் கேட்டதுமே ரோட்டோரத்தில் விழுந்துவிட்டாளாம். பெயர் வருகிறவரைகூட அவள் காத்திருக்கவில்லை. தண்ணீர் தெளித்து எழுப்பி, இது வெறும் பாட்டு, பாட்டு என்று இவர் சத்தியம் செய்திருக்கிறார். அவள் நம்பவில்லை. ‘நீங்க சொன்னா எப்படிங்க நம்புறது?’ என்று கேட்டாளாம்.

அன்றைக்குத்தான், துணிக் கட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மகளைப் பற்றிச் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், வசந்தி. மடுல்சீமையில் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார், அங்கேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மனைவி செல்லம்மா பதுளை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மகளுக்கு போன் போட்டுச் சொல்லும்படி சொந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, இவர் மைக்கை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

“நீங்களே ஏண்ணே போனீங்க?”

“அவ பேர வேற எவன் வாயி சொல்றது? ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் சொன்னேன். அவளுக்குச் சொல்ல மாட்டேனா?”

மடுல்சீமை மலைக்கு அந்தப் பக்கம் போன் சிக்னல் வந்தால் உண்டு. அன்றைக்கு வரவில்லை. மகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும், இந்நேரம் பஸ் ஏறியிருப்பாள் என்ற நினைப்பில் இவர் அந்தத் தோட்டத்து ரோட்டிலும் அறிவித்துக்கொண்டு போயிருக்கிறார். அவள் மலையில் கொழுந்துக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“எப்பவும் போலத்தான் சொன்னேன். செல்லம்மான்னு சொல்லி, நிறுத்தினேன். காலமானார்னு சொன்னேன். எம் பேரச் சொல்லி, அன்பு மனைவின்னேன். அப்பறம், வசந்தியின் அன்புத் தாயார்னேன்.”

செத்த வீட்டில் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டது இதுதான்: ‘தோட்டத்துக்கு எத்தன செல்லம்மா இருக்காங்கப்பா. நீங்க நிறுத்தின அந்த நேரத்துல, இது வேற எந்தச் செல்லம்மாவாவது இருக்கட்டும், வேற யாராவது சாகட்டும்னு கும்புட்டேன். அந்தப் பாவத்தையும் சேத்து எந்தலைல வச்சிட்டீங்க. கொரலு ஒரு இடத்துல கூட நடுங்கலையேப்பா உங்களுக்கு.’

“நடுங்கக் கூடாதுன்னு மைக்க ரெண்டு கையால புடிச்சிருந்தேன் தங்கச்சி. அது அவளுக்குத் தெரியல.”

அதற்குப் பிறகு அவள் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். இவர் போன் போட்டால் எடுப்பதில்லை. ராசு போட்டால் பேசுவாள். அப்பா சாப்பிடுகிறாரா என்று கேட்பாள். அப்பாவிடம் கொடுக்கவா என்றால் வைத்துவிடுவாள். என் குரலே வேண்டாம் என்கிறாள், நான் என்ன செய்ய என்று கேட்டார். வாய்க்கு வாய் பேசுகிற எனக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய அகப்பாட்டுகளில் பெயரே வராது. காதலிக்கிறவனுக்குப் பெயர் இல்லை, காதலிக்கு இல்லை, தோழிக்கு இல்லை, தாய்க்கும் இல்லை. இன்னார் என்று பெயரைச் சுட்டக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். இதை நான் சொன்னதும் அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

“பேரே இல்லாத பாட்டா? நெசமாவா? அப்ப நிறுத்த வேண்டிய எடமே வராதே!”

“வராது.”

“அத மொதல்லயே குடுத்திருக்கலாமில்ல, ராஜா மந்திரின்னு என்னை அலைய விட்டீங்களே!”

மகள் வீட்டைவிட்டுப் போன பிறகு ஒரு தாய் புலம்புகிற பாட்டை எடுத்துக் கொடுத்தேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“அம்மாதான் புலம்புறாளா? அப்பன் புலம்புற பாட்டு இல்லையா?”

“இல்லண்ணே. அந்தக் காலத்து அப்பன்மார் வாயத் தொறக்கறதில்ல போல.”

“இந்தக் காலத்துல தொறந்து நாங்க என்னத்தக் கிழிச்சோம்” என்றார்.

அதை வாசிக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! பெயர் இல்லாத பாட்டில் அவருக்கு எங்கே மூச்சு விடுவது என்றே தெரியவில்லை. ஓடினார், இடறினார், முதலிலிருந்து ஆரம்பித்தார். வெளியே மழை, தகரக் கூரையில் சடசடவென்று அடிக்கும், பதிவு கெட்டுப்போகும். மழை விடும்வரை இருவரும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கடைசியில் ஒருநாள் சரியாக வந்தது. குரல் இறங்கி, ஒரு வீட்டுக்குள் பேசுகிற குரலாக ஆகியிருந்தது. மைக்கைத் தாண்டி யாரோ ஒருத்தியிடம் சொல்கிற மாதிரி இருந்தது. நான் பிழை பிடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் இத்தனை காலம் இந்தக் குரல் எங்கே இருந்தது என்று நினைத்தேன்.

தொடக்கத்தில் மட்டும் குழுவின் சட்டப்படி தன் பெயரைச் சொன்னார். அங்கே அந்த மூச்சு இருந்தது. அதை நான் கவனித்ததாகக்கூட நினைவில்லை, அது அவருடைய மூக்கு, கண் மாதிரி ஒன்று.

வசந்தியின் நம்பரை ராசுவிடம் வாங்கி, நானே வாட்ஸப்பில் அனுப்பினேன். நான் இன்னார், உங்கள் அப்பா வாசித்தது, கேட்டுப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதினேன். அதிலிருந்து தினமும் காலையில் கடைவாசலில் நிற்பார்.

“நீலமாயிருச்சா?”

“இன்னும் இல்லண்ணே.”

ஒருநாள் ஆகிவிட்டது. இரண்டு கோடும் நீலம். போனை வாங்கி மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்தார். பதில் எதுவும் இல்லை. ஆனால் அவர் பதிலை எதிர்பார்க்கவேயில்லை போல. “கேட்டுட்டா. கேட்டிருக்கா பாருங்க” என்று ராசுவிடம் காட்டினார், எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினார். ராசு தலையைக் குனிந்துகொண்டார். ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அன்று டீக்குச் சீனி இரண்டு தரம் வாங்கினார்.

அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் பெயர் இல்லாத பாட்டுகள்தான். ஒவ்வொன்றையும் அனுப்பச் சொன்னார். அவை எதுவும் நீலமாகவில்லை. வேலை அதிகமாக இருக்கும், முதல் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்கிறாளோ என்னவோ என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

இந்த வருஷ மழையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. தோட்டம் தோட்டமாக நனைந்ததன் பலன். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் விரலால் போனைக் காட்டினார்.

“வேற ஏதும் கேட்டாளா?”

“இல்லண்ணே.”

“பரவால்ல. ஒண்ணு கேட்டுட்டாளே. நிறுத்தாம படிச்சிருக்கேன், அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

இரண்டொரு நாளில் ராசுவிடமிருந்து போன் வந்தது. “அக்கா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது.

உடலைப் பதப்படுத்தி மலர்ச்சாலையில் வைத்திருந்தோம். மகள் கட்டாரிலிருந்து வந்து சேராமல் எடுக்கும் நேரத்தைச் சொல்லமுடியாதே, அதனால் ஊருக்கு அறிவிக்கவும் இல்லை. விமானம் இறங்கி, பஸ் பிடித்து, வந்த கோலத்தோடு அப்பாவைப் பார்த்துவிட்டு, ராசுவோடு வெள்ளைத் துணி வாங்க எங்கள் கடைக்கு வந்தாள். அவருடைய நெற்றி, அவருடைய தாடை. அழுது முடித்த முகம்.

“நீங்கதானேக்கா அந்தப் பாட்டு அனுப்பினது?”

“நாந்தாம்மா.” கேட்கக் கூடாது, ஆனாலும் என் வாய் நிற்கவில்லை. “கேட்டியா?”

“ஒரே ஒரு வாட்டி தொறந்தேன். பாத்திரம் வெளக்கிட்டு இருந்தேன். அப்பா கொரலு. அப்பா பேரச் சொல்லிச்சு. சொல்லிட்டு, நிறுத்திச்சு.”

அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

“ஈரக் கையோட அமத்திட்டேன்க்கா. ராசு மாமாவுக்குப் போன் போட்டு, அப்பா இருக்காரான்னு கேட்டேன். இருக்காருன்னாரு. நா கேட்டேன்னு சொல்லாதீங்கன்னு வச்சிட்டேன். அதுக்கப்பறம் நீங்க அனுப்பினது எதையும் தொறக்கல. தொறந்தா நெசமாயிருமோன்னு பயம்.”

“அதுக்குப் பொறவுதாம்மா பாட்டு வரும். உனக்குன்னே படிச்சாரு.”

“எனக்கு எப்படிக்கா தெரியும்? சின்னதுலேருந்து போன்ல ‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்லிட்டுத்தானே பேசுவாரு. இதுல அது இல்லையே.”

மைக்குக்கு முன்னால் சொந்தப் பேச்சு கூடாது. அடப் பாவி மனுஷா, அந்த ஒரு தரம் மட்டும் பேசியிருக்கக் கூடாதா என்று எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. ராசு வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றாளே என்று, அவர் போனைக் காட்டிக் குதித்த அன்றுகூட வாயைக் கட்டிக்கொண்டு நின்றவர்.

இனி யார் அறிவிப்பது என்ற பேச்சு வந்தது. புடவை சேலுக்கு மைக் பிடிக்கிற ஒரு பொடியனைக் கூப்பிடலாம் என்றார் ராசு. வசந்தி தலையை ஆட்டினாள்.

“வேணாம் மாமா. நா சொல்றேன். ஆனா நடுவுல நிறுத்த மாட்டேன், ஒரே மூச்சுல சொல்லி முடிச்சிருவேன். கேக்குறவங்கள அந்தப் பாடு படுத்தக் கூடாது.”

ஆட்டோ எங்கள் கடைவாசலிலிருந்தே கிளம்பியது. பின்சீட்டில் அவர் உட்கார்கிற இடத்தில் அவள் உட்கார்ந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் கல்லாவில் வெள்ளைத் துணியின் மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். காலையில்தான் மலர்ச்சாலையில் அவர் முகத்தைப் பார்த்தேன், அவருக்குப் போர்த்திய கோடியை நானே எடுத்துக் கொடுத்தேன். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

“பதுளையை வசிப்பிடமாகக் கொண்ட” என்று ஸ்பீக்கரில் கேட்டது. அவள் அவருடைய பெயரைச் சொன்னாள்.

நின்றுவிட்டாள்.

தெரு நின்றது. என் கை துணியில் நின்றது. இந்தப் பெயரில் பதுளையில் வேறு ஆள் இல்லையா, அவர்களில் யாராவது ஒருவராக இருக்கட்டும் என்று நான் கும்பிட்டேன். பாவம்தான், ஆனாலும் கும்பிட்டேன்.

“வசந்தியின் அன்புத் தந்தை” என்றாள்.